காவிரி நாட்டின் கல்விக்கூடங்களும் கோட்டைகளும் வழிபாட்டிடங்களும்: ஒரு கல்விப் பயணம்

முன்னுரை

பூமியில் பயணம் செய்து, முன்சென்றோர் வாழ்வும் முடிவும் எவ்வாறு அமைந்தன என்று எண்ணிப் பார்க்குமாறு திருக்குர்ஆன் பலவிடங்களில் மாந்தரைப் பணிக்கிறது. பயணம் என்பது பொழுதுபோக்கன்று; அதுவும் ஒரு கல்வியே என்பது இதனால் விளங்கும். ஆயினும் நம் மாணவர் கல்விச் சுற்றுலா என்றவுடன் மலைவாழிடங்களையும் அயல் மாநிலங்களையுமே நினைக்கின்றனர். தாம் நாளும் பேருந்தில் கடந்து செல்லும் கோட்டைச் சுவரும், கோபுரமும், மினாராவும், பழைய கல்லூரிக் கட்டடமும் அவர்கள் கண்ணிற் படுவதில்லை.

இக்குறையை ஓரளவேனும் போக்கும் நோக்குடன், தஞ்சையையும் அதனைச் சூழ்ந்த காவிரிப் படுகையையும் சார்ந்த சில பழம்பெரும் இடங்களுக்கு மாணவருடன் சென்று கண்டவற்றையும் கற்றவற்றையும் நாம் ஈண்டுத் தொகுத்துரைக்க முற்படுகின்றோம். எல்லா இடங்களையும் கூறப் புகின் ஏடு இடங்கொடாது. ஆதலின் கோட்டை, வழிபாட்டிடம், கல்விக்கூடம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கும் இடங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

தரங்கம்பாடி: பொன்னோலை தந்த கோட்டை

கடலோரத்தில் அமைந்த தரங்கம்பாடி, பழங்கல்வெட்டில் சடங்கன்பாடி என வழங்கப்பெறுகிறது. பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்து மாசிலாமணிநாதர் கோயில் இங்குக் கடலை ஒட்டி நிற்கிறது. அதன் முற்பகுதியைக் காலப்போக்கில் அலைகள் கொண்டு சென்றன.

தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் 1620 ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டாருடன் உடன்படிக்கை செய்து, இவ்வூரில் வாணிகம் செய்யவும் கோட்டை எழுப்பவும் இசைவளித்தார். டேனியத் தளபதி ஓவ கெட்டே என்பவர் காலத்தில் டான்சுபோர்க் கோட்டை எழுந்தது. மிளகும் துணியும் நாடி வந்தவர்கள் அவர்கள். டேனிய மன்னர் நான்காம் கிறித்தியானுக்கு இரகுநாத நாயக்கர் அனுப்பிய பொன்னோலை தமிழில் எழுதப்பெற்றது. கோபன்ஹேகன் நகர ஆவணக் காப்பகத்தில் இன்றும் பேணப்பட்டு வருகிறது. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட மன்னர் ஒருவர், வட ஐரோப்பிய மன்னர் ஒருவருக்குத் தமிழில் ஓலை விடுத்தார் என்பது தமிழ் பயில்வோர் மறவாமற் குறித்துக்கொள்ளத்தக்க செய்தியாகும்.

கோட்டைக்கு அணித்தே இரு தேவாலயங்கள் உள்ளன. சீயோன் தேவாலயம் 1701 இல் டேனியர் தம் வழிபாட்டிற்கெனக் கட்டிக்கொண்டது. 1718 இல் எழுந்த புதிய எருசலேம் தேவாலயம் தமிழ்க் கிறித்தவர்க்கென அமைந்தது. அதன் முகப்பில் நான்காம் பிரெடரிக் மன்னரின் முடியும் பெயர்க்குறியும் பொறிக்கப்பட்டுள்ளன. இதனைக் கட்டிய சீகன்பால்கு 1706 ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தரங்கம்பாடியில் வந்திறங்கியவர். 1719 இல் மறைந்து, அத்தேவாலயத்தினுள்ளேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

சீகன்பால்கு தமிழ் கற்ற முறை நம் ஆசிரியர் மாணவர் இருபாலார்க்கும் பாடமாவது. முதிய திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரை அமர்த்திக்கொண்டு, சிறு பிள்ளைகளோடு பிள்ளையாய்த் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதி அவர் எழுத்தறிந்தார். ஈராண்டிற்குள் தமிழ் நூல்களைத் திரட்டி, அவற்றிற்கு 1708 இல் ஒரு பட்டியலும் வரைந்தார். அப்பட்டியலில் தமிழ் இலக்கிய, சமய நூல்கள் நூற்றுக்கு மேற்பட்டன இடம்பெற்றுள்ளன. அவற்றோடு இசுலாமியத் தமிழ் நூல்களுக்கெனத் தனிப்பகுதி ஒன்று அமைந்து, அதில் பதினொரு நூல்கள் குறிக்கப்பட்டுள்ளன. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே காவிரிக் கடற்கரையில் இசுலாமியத் தமிழ் ஏடுகள் வழங்கின என்பதற்கு அயலார் ஒருவர் எழுதிவைத்த சான்று இது. நம் வீட்டுப் பரண்களிலும் பள்ளிவாசல் பேழைகளிலும் கிடந்த ஏடுகளுக்கு நாம் அத்தகைய பட்டியல் வரைந்தோமா என்னும் வினா இவ்விடத்தில் நம் நெஞ்சைத் தைக்கிறது.

இதே சீகன்பால்கு, டேனிய ஆளுநருடன் ஏற்பட்ட பூசலால் 1708 ஆம் ஆண்டின் இறுதியில் டான்சுபோர்க் கோட்டையிலேயே நான்கு திங்கள் சிறையிருந்தார். அவரை அனுப்பிய மன்னரின் கொடி பறந்த கோட்டையே அவருக்குச் சிறையாயிற்று. அதன்பின் அச்சுக்கூடம் நிறுவித் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு 1715 இல் நிறைவு செய்தார்.

டேனியர் 1845 இல் இவ்வூரை ஆங்கிலேயர்க்கு விற்றுவிட்டு நீங்கினர். 2004 திசம்பர் 26 இல் எழுந்த ஆழிப்பேரலை இவ்வூரில் பல உயிர்களைக் கவர்ந்தது. கோட்டை நிற்கிறது, அதனைக் கட்டியோரும் இல்லை, விற்றோரும் இல்லை, வாங்கியோரும் இல்லை. ஆட்சிகளின் நிலையாமையை இதனினும் தெளிவாகக் கற்பிக்கும் வகுப்பறை அரிது.

தஞ்சைச் சின்னக்கோட்டை: ஒரு பிழை தந்த பாடம்

தஞ்சையில் சிவகங்கைச் சின்னக்கோட்டை எனப்படும் மதிலினுள் பெருவுடையார் கோயிலும் சிவகங்கைக் குளமும் சுவார்ட்சு பாதிரியார் பெயரால் வழங்கும் தேவாலயமும் உள்ளன. ஒரே மதில் இரு சமயத்தார் வழிபாட்டிடங்களைச் சூழ்ந்து காக்கும் காட்சி இது.

இத்தேவாலயம் 1779 ஆம் ஆண்டைச் சார்ந்தது. சுற்றுலாக் கையேடுகள் சில, சரபோசி மன்னர் தம் ஆசானாகிய சுவார்ட்சின் மீது கொண்ட அன்பினால் 1779 இல் இதனைக் கட்டினார் என்று எழுதுகின்றன. நாமும் இச்செய்தியைப் பல ஆண்டுகள் வகுப்பில் அவ்வாறே கூறிவந்தோம். ஒருமுறை முதலாண்டு மாணவர் ஒருவர், தாம் முன்னரே குறித்து வைத்திருந்த ஏட்டைக் காட்டி, “ஐயா, சரபோசி மன்னர் பிறந்தது 1777 என்று நீங்கள்தாமே எழுதச் சொன்னீர்கள். ஈராண்டுக் குழந்தை எவ்வாறு தேவாலயம் கட்டிற்று?” என்று வினவினார். உடனிருந்தோர் நகைத்தனர். நாமோ விடை கூற இயலாது நின்றோம்.

ஊர் திரும்பிய பின் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தோம். 1779 இல் தஞ்சையை ஆண்டவர் துளசா மன்னர். அவர் 1787 இல் மறையும் முன் சரபோசியைத் தத்தெடுத்துச் சுவார்ட்சின் பாதுகாப்பில் ஒப்படைத்தார். ஆட்சி அமரசிங்கரிடம் சென்றது. இளவரசரின் கல்விக்கும் உயிருக்கும் ஊறு நேருமென அஞ்சி, அவரைச் சென்னைக்கு அனுப்பிக் கற்பிக்கச் சுவார்ட்சு ஏற்பாடு செய்தார். 1798 பிப்ரவரி 13 இல் சுவார்ட்சு மறைந்தார். அவ்வாண்டிலேயே சில திங்கள் கழித்துச் சரபோசி அரியணை ஏறினார். தம் மாணவர் முடிசூடியதை ஆசான் காணவில்லை.

அத்தேவாலயத்தினுள் இருக்கும் சலவைக்கல் சிற்பமே சரபோசி அளித்தது. இங்கிலாந்தின் புகழ்மிக்க சிற்பி சான் பிளாக்சுமன் செதுக்கிய அச்சிற்பம், மரணப் படுக்கையில் கிடக்கும் ஆசானின் கையை மன்னர் பற்றி நிற்பதைக் காட்டுகிறது. தஞ்சைத் தூய பேதுரு தேவாலயத்தில் உள்ள சுவார்ட்சின் கல்லறைக் கல்லில் மன்னர் தாமே இயற்றிய ஆங்கிலக் கவிதை பொறிக்கப்பட்டுள்ளது. கட்டடத்தின் ஆண்டையும் சிற்பத்தின் கொடையையும் ஒன்றாகக் குழைத்தமையால் பிழை பிறந்தது. மன்னரின் நன்றியுணர்வு மெய். கட்டினார் என்பது மட்டுமே பொய். ஒரு மாணவரின் வினா நம் பல ஆண்டுப் பிழையைத் திருத்திற்று என்பதை மறைக்காமல் இங்குப் பதிவு செய்கின்றோம்.

சுவார்ட்சின் வாழ்வில் நாம் கருதத்தக்க மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. 1779 இல் சென்னை ஆங்கில அரசு அவரை மைசூர் வேந்தர் ஐதர் அலியிடம் தூது அனுப்பிற்று. ஆங்கிலேயரை நம்பாத ஐதர் அலி, சுவார்ட்சின் வாய்மையை நம்பினார். பின்னர்ப் போர் மூண்டபோதும் அம்முதியவர் தடையின்றிச் சென்றுவரத் தம் படைத்தலைவர்க்கு ஆணையிட்டார். அதே போரில், 1781 இல், ஐதர் அலியின் படையினால் தஞ்சை நாட்டின் வயல்களும் நீர்நிலைகளும் பெருஞ்சேதமுற்றுப் பஞ்சம் தலைவிரித்தாடியது. இரண்டும் வரலாறே. ஒன்றைக் கூறி மற்றொன்றை மறைத்தல் கற்றோர்க்கு அழகன்று. பஞ்ச காலத்தில் நெல் தர மறுத்த உழவர், விலை கிடைக்கும் என்று சுவார்ட்சு உறுதி கூறியபின் நெல் தந்தனர். கொடுமை தாங்காது ஊர் விட்டுப் போனோர் அவர் சொல்லை நம்பித் திரும்பி வந்து உழுதனர். வாய்மைக்கு மதம் இல்லை. அதனை மதிக்கும் மனத்திற்கும் மதம் இல்லை எனலாம்.

அரண்மனையும் ஏட்டுச் செல்வமும்

தஞ்சை அரண்மனை நாயக்கர் காலத்தில் தோன்றி மராட்டியர் காலத்தில் விரிந்தது. அதன் தர்பார் மண்டபமும் உயர்ந்த கோபுரங்களும் காண்போர் கண்ணைக் கவர்வன. ஆயினும் அவ்வரண்மனையின் உயிர்நிலை சரசுவதி மகால் நூலகமே. நாயக்கர் காலந்தொட்டு வளர்ந்த இந்நூலகத்தைச் சரபோசி மன்னர் பேரளவில் பெருக்கினார். 1820 இல் தொடங்கிய காசிப் பயணத்திலும் அவர் சுவடிகளைத் தேடித் திரட்டினார். தமிழ், வடமொழி, தெலுங்கு, மராத்தி ஆகியவற்றோடு அரபு, பாரசீகம், உருது மொழிகளின் சுவடிகளும் இங்கு உள்ளன. 1918 இல் இந்நூலகம் பொதுமக்களுக்கு உரியதாயிற்று.

இங்கு ஓர் உண்மையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1799 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் சரபோசி தம் நாட்டாட்சியைக் கும்பினியாரிடம் ஒப்படைத்துவிட்டார்; கோட்டையும் அதன் சூழலுமே அவர்க்கு எஞ்சின. நாடு இழந்த அம்மன்னர் நூலைப் பெற்றார். 1855 இல் அந்தக் கோட்டையுரிமையும் மறைந்தது. நூலகம் இன்றும் மறையவில்லை.

நாகூரும் மனோராவும்

நாகூரில் சாகுல் ஹமீது ஆண்டகையின் தர்காவில் ஐந்து மினாராக்கள் ஓங்கி நிற்கின்றன. அவற்றுள் மிகவும் உயர்ந்தது 131 அடி உயரமுடையது. அதனை எழுப்பியவர் 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிங்கர் ஆவார். கடலில் வரும் கலங்களுக்கு நெடுந்தொலைவிலேயே கரையை அறிவித்த மினாரா இது. இவ்வூர் தமிழுக்கும் தாயகம். நாகூர்ப் புராணம் பாடிய குலாம் காதிறு நாவலர் (1833–1908) இவ்வூரினரே.

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே மல்லிப்பட்டினத்தையடுத்த கடற்கரையில் சரபோசி மன்னர் எழுப்பிய மனோரா நிற்கிறது. நெப்போலியன் வீழ்ச்சியையும் ஆங்கிலேயர் வெற்றியையும் பாராட்டி 1814 இல் எழுப்பப்பட்ட எட்டு நிலைக் கட்டடம் இது. மினாரா என்னும் சொல்லே மனோரா எனத் திரிந்தது. மராட்டிய இந்து மன்னர் ஒருவர், ஐரோப்பியப் போர் ஒன்றின் நினைவாகத் தமிழகக் கடற்கரையில் எழுப்பிய கட்டடத்திற்கு அரபுச் சொல் பெயராயிற்று. சுற்றிலும் வாழும் மீனவரும் மரைக்காயரும் அச்சொல்லை நாளும் வழங்குகின்றனர். எனினும், தம் ஆட்சியைக் கவர்ந்தவர்களின் வெற்றிக்கே மன்னர் நினைவுச்சின்னம் எழுப்ப நேர்ந்த நிலையை எண்ணுங்கால் அக்கட்டடத்தின் உயரம் நம் கண்ணில் சற்றுக் குறைந்தே தோன்றுகிறது. அருகருகே வைத்து நோக்கின், நாகூர் மினாரா அன்பினால் உயர்ந்தது. மனோரா அச்சத்தினால் உயர்ந்தது எனக் கூறத் தோன்றுகிறது.

குடந்தையும் திருவையாறும்

கும்பகோணம் அரசு கலைக்கல்லூரி 1854 இல் பள்ளியாகத் தோன்றிக் கல்லூரியாக வளர்ந்தது. காவிரியாற்றின் கரையில் அமைந்து, தென்னிந்தியாவின் கேம்பிரிட்சு எனப் புகழப்பெற்றது. 1880 இல் தியாகராசச் செட்டியாரை அடுத்து உ.வே. சாமிநாதையர் இங்குத் தமிழாசிரியரானார். அவ்வாண்டிலேயே சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றபோது, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று முதலியார் கேட்ட கேள்வியும், அவர் தந்த ஏடும் தமிழ் வரலாற்றையே மாற்றின. 1887 இல் சிந்தாமணி அச்சேறியது. இங்கும் ஒரு கேள்வியே தொடக்கம் என்பது நினையத்தக்கது.

இதே கல்லூரியில் 1904 இல் சேர்ந்த கணித மேதை இராமானுசன், கணிதம் தவிர்ந்த பாடங்களில் தேறாமையால் உதவித்தொகையை இழந்தார். பத்தாண்டு கழித்து 1914 இல் மெய்யான கேம்பிரிட்சு அவரை அழைத்துக்கொண்டது. தேர்வு மதிப்பெண் ஒன்றே மாணவரின் அளவுகோலாகாது என்பதை ஆசிரியராகிய நாம் இவ்வளாகத்தில் நின்று உணர்தல் நலம்.

திருவையாற்று அரசர் கல்லூரி வடமொழிக் கல்விக்கெனத் தோன்றியது. 1920களில் அங்குத் தமிழ்ப் புலவர் வகுப்பும் இடம்பெற்றது. அதற்கு உழைத்தோருள் தலையாயவர் இருவர்: 1911 இல் தோன்றிய கரந்தைத் தமிழ்ச்சங்கத்தின் தலைவர் உமாமகேசுவரனார், தஞ்சை மாவட்டக் கழகத் தலைவராயிருந்த ஏ.டி. பன்னீர்செல்வம். முன்னவர் சைவர், பின்னவர் கிறித்தவர். தமிழ் அவ்விருவரையும் ஒரே நோக்கில் இணைத்தது.

கடல் கடந்து சென்ற திண்ணைப்பள்ளி

இத்தகைய பயணத்தை அயல்நாட்டார் எவ்வாறு மேற்கொள்கின்றனர் என்பதற்கு இசுகாட்லாந்து நாட்டின் புனித ஆண்ட்ரூசு நகரைச் சான்றாகக் காட்டலாம். 1413 ஆம் ஆண்டிலேயே போப்பாண்டவரின் ஒப்புதல் பெற்ற பல்கலைக்கழகமும், இடிந்த பெருந்தேவாலயமும், கடலோரக் கோட்டையும் அச்சிறு நகரில் நடந்து சென்று காணுமளவில் அமைந்துள்ளன. இடிந்த சுவரையும் அவர்கள் இடித்தெறியாமல் காக்கின்றனர்.

அந்நகரில் ‘மதராசு கல்லூரி’ என்னும் பெயருடைய பள்ளி ஒன்று உண்டு. அந்நகரிற் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்பார் 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்தினார். நம் திண்ணைப்பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு, அதனைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையையும் வகுத்தார். நம் ஊரில் சட்டாம்பிள்ளை செய்த பணியை ஒத்தது அது. தாயகம் திரும்பியபின் ‘மதராசு முறை’ என்ற பெயரால் அதனைப் பரப்பினார். 1832 இல் அவர் மறைந்தபின், அவர் வைத்துச்சென்ற பொருளால் அப்பள்ளி எழுந்தது. சீகன்பால்கு விரலால் எழுதிய அதே மணல், நூறாண்டிற்கும் மேற்பட்ட காலம் கழித்து இசுகாட்லாந்தில் ஒரு கல்விக்கூடத்திற்கே பெயர் தந்தது. நாமோ மணலையும் மறந்தோம், திண்ணையையும் இடித்தோம்.

இவற்றிற்கெல்லாம் முதல் எது?

மேற்கூறிய கோட்டை, தேவாலயம், தர்கா, நூலகம் ஆகியவற்றைக் காணும் மாணவர், மன்னர் பெயர்களையே எழுதிக்கொள்கின்றனர். மன்னர்க்குப் பொருள் எங்கிருந்து வந்தது என்று அவர்கள் வினவுவதில்லை. தஞ்சை மன்னரின் கருவூலம் நெல்லால் நிறைந்தது. நாற்று நட்ட பெண்டிரும், சேற்றில் உழுத ஆடவரும், வாய்க்கால் வெட்டியோரும், களத்தில் போரடித்தோரும் ஈட்டித் தந்த விளைவே கல்லாகவும் சுண்ணமாகவும் ஏடாகவும் மாறியது. அவர்தம் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆதலின் இக்கட்டடங்கள் எச்சமயத்தார்க்கும் எக்குலத்தார்க்கும் தனியுடைமையல்ல. காவிரி நாட்டு உழைப்பாளர் அனைவர்க்கும் பொதுவுடைமை என்பது நம் துணிபு.

மாணவர் செய்யத்தக்கன

பயணம் பயன் தருவதற்கு நான்கு நெறிகளை மாணவர்க்குக் கூற விழைகின்றோம்.

1. எவ்விடம் சென்றாலும் கட்டியவர், கட்டிய ஆண்டு, கல்வெட்டின் மொழி, பொருள் வந்த வழி ஆகிய நான்கையும் குறித்தல் வேண்டும்.

2. கையேடு கூறுவதையும் வழிகாட்டி கூறுவதையும் ஆசிரியர் கூறுவதையும் ஆண்டுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். பணிவோடு வினவுதல் அவமதிப்பாகாது.

3. பிற சமயத்தார் வழிபாட்டிடத்தில் அவர்தம் ஒழுங்கைப் பேணி, அமைதியாகக் கண்டு வருதல் வேண்டும். சுவரில் தம் பெயரைக் கிறுக்கி வைப்போர், முன்னோர் பெயரை அழிப்போரே ஆவர்.

4. தம் ஊர்ப் பள்ளிவாசல், கோயில், தேவாலயம், தொடக்கப்பள்ளி ஆகியவற்றின் வரலாற்றை ஊர்ப் பெரியவர்பால் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும்.

நான்காவது நெறி பெரியவர்களையும் நோக்கியது. வக்பு ஆவணங்கள், பழைய நிக்காஹ் பதிவேடுகள், அரபுத் தமிழ்க் கையெழுத்துகள், அறக்கொடைப் பத்திரங்கள் முதலியன இன்னும் பல இல்லங்களில் உள்ளன. ஐப்பசி அடைமழையில் ஒரு கூரை ஒழுகினால் ஒரு தலைமுறையின் நினைவு அழியும். கரையான் ஒரு நூலைத் தின்னும்முன் அதனைப் படியெடுத்துக்கொள்ள இளைஞரை அனுமதிக்குமாறு சமுதாயப் பெரியோர்களைப் பணிவுடன் வேண்டுகின்றோம்.

முடிவுரை

1951 இல் திருச்சி சமால் முகமது கல்லூரியும், 1955 இல் அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் கல்லூரியும் தோன்றியபோது அவை புதுக்கட்டடங்களே. இன்று அவற்றில் பேரப்பிள்ளைகள் பயில்கின்றனர். இன்னும் நூறாண்டு கழித்து எவரேனும் ஒரு மாணவக் குழுவினர் நம் கல்லூரி வாயிலில் வந்து நின்று, இதனைக் கட்டியவர் யார், எதற்காகக் கட்டினர், எவரெல்லாம் இங்குப் பயின்றனர் என்று கேட்பர். அன்று ஈராண்டுக் குழந்தை கட்டியது என்னும் பிழையான விடை அவர்க்குக் கிடைத்தல் ஆகாது. மெய்யை இன்றே எழுதிவைத்தல் நம் கடன்.

தரங்கம்பாடிக் கரையில் அலைகள் கோயிற்சுவரைத் தின்றன. ஆயினும் கல்லில் எழுதிய சடங்கன்பாடி என்னும் ஊர்ப்பெயரை ஒருவர் படித்துப் படியெடுத்தமையால் அப்பெயர் பிழைத்தது. எழுதுவோம், காப்போம், அடுத்தவர் கையில் தருவோம். எல்லாப் புகழும் இறைவனுக்கே.